ஓய்வுக்குப் பின் பல்லுக்கு யார் பணம் தருவது?

அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு இதய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், தமிழ்நாட்டில் கைகொடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. ஏழைக் குடும்பம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு ஓய்வூதியர் காப்பீடு உண்டு. 70 வயதைக் கடந்தவருக்கு, வருமானம் எதுவானாலும், 2024 அக்டோபர் 29 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டை உண்டு. அதே மனிதர் கடைவாய்ப் பல் உடைந்து, ஒரு பக்கமாக மென்றுகொண்டு பல் மருத்துவரிடம் போனால் இந்த அட்டைகள் அங்கே செல்லுபடியாவதில்லை. கையிலிருந்து பணம் எடுக்க வேண்டும். பணம் இல்லையென்றால் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

முதுமையில் பல் சிகிச்சைக்குச் செலவு ஏன் இவ்வளவு கூடுகிறது, அந்தச் செலவை இப்போது யார் தாங்குகிறார்கள், வேறு நாடுகள் என்ன செய்கின்றன, நாமும் நம் அரசும் என்ன செய்ய முடியும் என்று இந்தக் கட்டுரை பார்க்கிறது. இதன் அடிப்படைக் கருத்து எளியது. பல் செலவு எதிர்பாராமல் வரும் விபத்து அன்று. வயதோடு சேர்ந்து, ஏறத்தாழ எல்லோருக்கும், முன்கூட்டியே தெரிந்து வருகிற செலவு. அப்படித் தெரிந்து வருகிற செலவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யும் கடமை வீட்டுக்கும் உண்டு, அரசுக்கும் உண்டு.

அறுபதுக்குப் பின் செலவு ஏன் கூடுகிறது

வயதாக ஆக ஈறு கீழிறங்குகிறது. அதுவரை ஈறுக்குள் மறைந்திருந்த பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது. பல்லின் மேற்பகுதியை மூடியிருக்கும் கடினமான எனாமல் வேருக்கு இல்லாததால் அங்கே சொத்தை சீக்கிரம் விழுகிறது. நாற்பது, ஐம்பது வயதில் அடைத்த பற்களும் போட்ட கேப்புகளும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் தேய்ந்து, இளகி, மறுபடியும் வேலை வைக்கின்றன.

மருந்துகளும் ஒரு காரணம். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை போன்றவற்றுக்குத் தரும் பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கின்றன. வாயைக் கழுவிக் காக்கும் இயற்கைத் திரவம் உமிழ்நீர்தான். அது குறைந்தால் பல பற்களில் ஒரே நேரத்தில் சொத்தை பரவும். நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் இருவழித் தொடர்பு உண்டு. சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஈறு நோய் முற்றுகிறது. முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. நீரிழிவு இவ்வளவு பரவியிருக்கும் தமிழ்நாட்டில் இது பல லட்சம் வீடுகளின் பிரச்சினை.

ஒரு பல் போவதோடு விஷயம் முடிவதில்லை. அந்த இடத்தில் தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. பக்கத்துப் பல் சாய்கிறது, எதிர்ப்பல் நீண்டு இறங்குகிறது, கடி மாறுகிறது. எல்லாப் பற்களும் போன பின் எலும்பு தொடர்ந்து தேய்வதால் இன்று சரியாகப் பொருந்தும் பல்செட் சில ஆண்டுகளில் ஆடத் தொடங்கும். கீழ்த்தாடையில் இது மிகவும் கடினம். நாக்கின் அசைவே செட்டைத் தூக்கிவிடும். ஆகவே பல்செட் ஒருமுறை வாங்கி முடித்துவிடும் பொருள் அன்று. அடிப்பகுதியைத் திருத்த வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டும்.

இவ்வளவும் வந்து சேருவது சம்பளம் நின்ற பிறகுதான். பணியில் இருந்தபோது நிறுவனம் தந்த குழுக் காப்பீடும் பெரும்பாலும் ஓய்வு நாளோடு முடிந்துவிடுகிறது. செலவு ஏறும் வயதில்தான் வருமானம் இறங்குகிறது.

சிகிச்சை செய்யாததற்கும் விலை உண்டு

‘போற வயசுல பல்லு எதுக்கு?’ என்று சொல்லாத குடும்பம் குறைவு. பல சமயம் பெரியவர்களே தங்களைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். பெண்கள் இன்னும் அதிகமாகச் சொல்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் செலவான பிறகு மிஞ்சினால்தான் தனக்கு என்று வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். கணவர் போன பிறகு பிள்ளைகளிடம் பல்லுக்கென்று பணம் கேட்க அவர்களுக்கு வாய் வருவதில்லை.

ஆனால் பல்லைக் கவனிக்காமல் விட்டால் அந்தச் செலவு மறைந்துபோவதில்லை, வேறு உருவில் வருகிறது. பல் இல்லாதவர் முதலில் கைவிடுவது கறியையும் கடலையையும் சுண்டலையும் கேரட்டையும் கீரைத்தண்டையும்தான். மிஞ்சுவது குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, டீயில் தோய்த்த பிஸ்கட். புரதமும் நார்ச்சத்தும் குறைந்து மாவுச்சத்து மட்டும் ஏறுகிறது. சர்க்கரை நோயாளியிடம் ‘சோற்றைக் குறைத்துக் காய்கறியும் பயறும் சாப்பிடுங்கள்’ என்று மருத்துவர் சொல்கிறார். அவரால் அதை மெல்ல முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

படுக்கையில் இருக்கும் முதியவரின் வாய் சுத்தமில்லாவிட்டால், அங்குள்ள கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். செயற்கை இதய வால்வு பொருத்தியவருக்குப் பல் சீழ், உயிரையே அச்சுறுத்தும் தொற்றாக மாறலாம். எலும்புத் தேய்மானத்துக்குச் சில வகை ஊசிகளும் மாத்திரைகளும் எடுப்பவருக்குப் பின்னர் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. எனவே அந்த மருந்தைத் தொடங்குமுன் வாயைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை வழக்கம் உள்ள நம் ஊரில் வாய்ப்புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பல் மருத்துவருக்கே அதிகம். புற்றுநோய் அறுவைக்கு லட்சக்கணக்கில் கொடுக்க அரசுக் காப்பீடு முன்வருகிறது. அதைத் தொடக்கத்திலேயே பிடிக்கும் சில நிமிடப் பரிசோதனைக்குப் பெரும்பாலான முதியவர்களுக்கு ஏற்பாடே இல்லை.

காப்பீடு ஏன் பல்லைத் தொடுவதில்லை

பல் மருத்துவம் பொது மருத்துவத்திலிருந்து பிரிந்து தனித் தொழிலாக வளர்ந்தது. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கியது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் 1920இல் தொடங்கினார். 1948இல் பல் மருத்துவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. படிப்பு தனி, பதிவு தனி, கிளினிக் தனி என்று ஆனபின் பணம் செலுத்தும் முறையும் தனியாகவே நின்றுவிட்டது.

இரண்டாவது காரணம் காப்பீட்டின் கணக்கு. ஆயிரம் பேர் பணம் போட்டு, அவர்களில் யாரோ சிலருக்கு நேரும் பெரிய இழப்பை ஈடுகட்டுவதுதான் காப்பீடு. ஆனால் அறுபது வயதுக்கு மேல் பல் சிகிச்சை ஆயிரத்தில் பெரும்பாலோருக்குத் தேவைப்படும். எல்லோருக்கும் வரும் செலவை ஈடுகட்ட, நிறுவனம் அந்தச் செலவையே, தன் நிர்வாகச் செலவையும் சேர்த்து, பிரீமியமாக வாங்க வேண்டியிருக்கும். அதனால் தனியார் பாலிசிகள் பொதுவாக விபத்தில் பல் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தருகின்றன. புறநோயாளிச் செலவை ஏற்கும் சில பாலிசிகளில் பல்லுக்கும் இடம் உண்டு. அவற்றிலும் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கும். பாலிசி வாங்குவதற்கு இருந்த 65 வயது வரம்பு 2024இல் நீக்கப்பட்டது நல்ல மாற்றம்தான். ஆனால் அதனால் பல் சிகிச்சை பாலிசிக்குள் வந்துவிடவில்லை.

அரசுக் காப்பீடும் இதே வழியில்தான் போகிறது. ஆயுஷ்மான் திட்டத்தின் விதிவிலக்குப் பட்டியலில் சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, தேய்மானத்தால் வரும் பல் வேலைகள் ஆகியவை இருக்கின்றன. நோயாலோ காயத்தாலோ மருத்துவமனையில் சேர்த்தே செய்ய வேண்டிய நிலை வந்தால்தான் விலக்கு தளரும். முதுமையில் வரும் பல் வேலைகள் ஏறத்தாழ எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்து முடித்துக்கொண்டு வீடு திரும்பும் வேலைகள். ஆகவே மிகவும் தேவைப்படும் சிகிச்சைகளே வெளியே நிற்கின்றன.

தனியார் காப்பீட்டின் கணக்கு சரி என்பதற்காக அரசும் ஒதுங்கலாம் என்று ஆகாது. எல்லோருக்கும் வரும் தேவையை இந்தச் சமூகம் கல்வியிலும் தடுப்பூசியிலும் ரேஷனிலும் வரிப்பணத்தால் பகிர்ந்துகொண்டிருக்கிறது. பல் சிகிச்சையும் அந்த வரிசையில் வர வேண்டியது.

ஓய்வு பெற்றவர் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை

எங்கே வேலை பார்த்தோம் என்பதைப் பொறுத்து ஒருவருடைய பல்லின் கதி மாறுகிறது.

மத்திய அரசு ஓய்வூதியர், அந்த அரசின் சுகாதாரத் திட்டமான சிஜிஹெச்எஸ்ஸின் அட்டை எடுத்திருந்தால், பல் அடைப்பது, வேர் சிகிச்சை, பல்செட் போன்றவற்றுக்கு நிர்ணயித்த கட்டணத்தில் உதவி கிடைக்கும். பத்து ஆண்டுச் சந்தாவை ஒரேயடியாகக் கட்டினால் ஆயுள் முழுவதும் அட்டை செல்லும். அந்த வசதி இல்லாத ஊரில் வாழ்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி உண்டு. முன்னாள் ராணுவத்தினருக்கு 2003இல் தொடங்கிய ஈசிஹெச்எஸ் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குகளில் பல் பிரிவு இருக்கிறது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், உரிய தொகையை ஒருமுறை கட்டி மருத்துவத் திட்டத்தில் சேர்ந்தால் பெரம்பூர் போன்ற ரயில்வே மருத்துவமனைகளை ஆயுள் முழுதும் பயன்படுத்தலாம். இந்த மூன்று வகையினருக்கும் முதுமையில் பல்லுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு.

மாநில அரசு ஓய்வூதியரின் நிலை அடுத்த படி. 2022 ஜூலையில் தொடங்கிய புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்திலிருந்து பிடிக்கப்பட்டது. அது மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளை மையமாகக் கொண்ட திட்டம். அன்றாடப் பல் வேலை அதன் நோக்கத்தில் இல்லை.

தனியார் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐயில் குறைந்தது ஐந்து ஆண்டு சந்தாதாரராக இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் வாழ்க்கைத் துணைக்கும் ஈஎஸ்ஐ மருத்துவ வசதியைத் தொடரலாம். ஈஎஸ்ஐ மருத்துவமனையில் பல் பிரிவு இருந்தால் அங்கே சிகிச்சை பெறலாம். ஓய்வு பெறும் நாளில் இதைச் சொல்லி அனுப்ப வேண்டியது நிறுவனங்களின் கடமை. சொல்லாவிட்டால் தொழிலாளி தானே கிளை அலுவலகத்தில் கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதை மட்டும் நம்பியிருப்பவரின் ஓராண்டு வரவு 12,000 ரூபாய். நகரத்துத் தனியார் கிளினிக்கில் ஒரு சாதாரண முழு பல்செட்டுக்கே பெரும்பாலும் அது போதாது. தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. வயல் வேலை, கட்டட வேலை, வீட்டு வேலை செய்து முதுமை எய்தியவர்களுக்கு ஓய்வு என்ற ஒன்றே இல்லாதபோது இந்தத் தொகைதான் மாத வரவு. அதில் அரிசிக்கும் மாத்திரைக்கும் போக, தாடை எலும்பில் பொருத்தும் இம்பிளான்ட்டைப் பற்றி யார் பேச முடியும்? நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சொந்தக் கையிலிருந்து போகிறது என்கிறது 2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கு. பல் மருத்துவத்தைத் தனியே எடுத்தால் சுமை இன்னும் கனமானது என்பதை எந்தப் பல் கிளினிக்கின் காத்திருப்பு அறையிலும் உணரலாம்.

அரசு மருத்துவமனையும் பல் கல்லூரியும்

பணம் குறைவாக உள்ளவருக்கு இன்று இருக்கும் உறுதியான வழி அரசுப் பல் மருத்துவமனை. சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1953 முதல் இயங்குகிறது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி அரசின் கைக்கு வந்தது. புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை தவிரத் தனியார் பல் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்யும் சிகிச்சைக்கு வெளியே ஆகும் கட்டணத்தில் ஒரு பகுதிதான் ஆகும். நேரம் கூடுதலாகும், ஆனால் ஒவ்வொரு படியையும் மூத்தவர் ஒருவர் சரிபார்ப்பதால் தரத்துக்குக் குறைவில்லை. ‘மாணவன் கையில் வாயைக் கொடுப்பதா?’ என்று தயங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் இந்த வழிக்குத் தூரம் ஒரு தடை. வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவர் இருந்தாலும் வலி தீர்ப்பதும் பல் பிடுங்குவதும்தான் அங்கே எளிதாக நடக்கின்றன. பல்செட் செய்ய ஆய்வகமும் பயிற்சி பெற்ற நுட்பனரும் வேண்டும். அளவெடுப்பது, கடி பார்ப்பது, மெழுகில் பொருத்திப் பார்ப்பது, செட்டைக் கொடுப்பது, பிறகு உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வது என ஒரு செட்டுக்குப் பல தடவை போக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து எழுபது வயது அம்மா ஒருவர் ஒவ்வொரு தடவையும் புதுக்கோட்டைக்குப் போய்வருவது என்றால் கூட ஒருவர் வர வேண்டும்; அவருடைய அன்றைய கூலி போகும். சிகிச்சை இலவசமாகவே இருந்தாலும் அங்கே போய்ச் சேரும் செலவு அந்த அம்மாவைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. கடைசித் திருத்தத்துக்குப் போகாததால் உறுத்தும் பல்செட் டம்ளரில் கிடக்கும் வீடுகள் பல.

இங்கே ஒரு மத்தியத் திட்டத்தைக் குறிப்பிட வேண்டும். 2017 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் நெல்லூரில் ராஷ்டிரிய வயோஸ்ரீ யோஜனா தொடங்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாயைத் தாண்டாத முதியவர்களுக்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, கண்ணாடி ஆகியவற்றோடு பல்செட்டும் இலவசம் என்று அதன் பட்டியல் சொல்கிறது. ஊன்றுகோலை முகாம் மேடையில் கையில் கொடுத்துவிடலாம். பல்செட்டை அப்படிக் கொடுக்க முடியாது. அது ஒவ்வொரு வாய்க்கும் அளவெடுத்துச் செய்ய வேண்டியது. உரிமை காகிதத்தில் இருந்தாலும் அதைக் கொடுத்து முடிக்கும் ஏற்பாடு வேறு வகையில் அமைய வேண்டும். கேரளத்தின் சமூக நீதித் துறை ‘மந்தஹாசம்’ என்ற பெயரில் வறுமையில் உள்ள, 60 வயது கடந்தவர்களுக்குப் பல்செட் பொருத்தும் திட்டத்தை நடத்துகிறது. நம் அண்டை மாநிலமே இதை முதியோர் நலத்தின் தனி வேலையாக எடுத்துக்கொண்டது கவனிக்க வேண்டியது.

பிற நாடுகள் கண்ட வழிகள்

பணக்கார நாடுகளும் இந்தக் கேள்வியில் தடுமாறியிருக்கின்றன.

பிரிட்டனில் 1948 ஜூலையில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல்செட்டும் இலவசம். அதுவரை பணம் இல்லாமல் காத்திருந்தவர்கள் திரண்டு வந்ததால் செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் பெருகியது. 1951இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கப்பட்டது. அந்தச் சேவையை உருவாக்கிய அன்யூரின் பெவன், அதை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். இன்று இங்கிலாந்தில் 60 வயதானவருக்கு மருந்துச் சீட்டு இலவசம், கண் பரிசோதனை இலவசம். பல் சிகிச்சைக்கு மட்டும் வயதால் சலுகை கிடையாது. பல்செட், கேப் போன்றவை அடங்கிய பிரிவுக்கு 2025 ஏப்ரலில் கட்டணம் 326.70 பவுண்டாக இருந்தது. வருமானம் மிகக் குறைந்த முதியவர்களுக்கே விலக்கு உண்டு.

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்காக 1965இல் மெடிகேர் சட்டம் வந்தபோதே வழக்கமான பல் சிகிச்சை விலக்கப்பட்டது. 2019இல் மெடிகேர் பயனாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, சுமார் 2.4 கோடிப் பேருக்கு, எந்தப் பல் காப்பீடும் இல்லை. 2021இல் மெடிகேருக்குள் பல்லைச் சேர்க்க நடந்த முயற்சி நிறைவேறவில்லை. 2023 முதல், உறுப்பு மாற்று, இதய வால்வு அறுவை போன்றவற்றுக்கு முன் அவசியமான பல் சிகிச்சைக்கு மட்டும் வழி தெளிவாகத் திறக்கப்பட்டது. வாய் உடலின் ஒரு பகுதிதான் என்பதை மெடிகேர் அறுவைச் சிகிச்சையின் வாசலிலாவது ஒப்புக்கொண்டிருக்கிறது.

கனடாவின் அனுபவம் அண்மையது. டொரன்டோவில் வாழும் ஈழத்தமிழ் முதியவர்கள் பலரையும் தொடுவது. அங்கே பொதுச் சுகாதாரம் நீண்ட காலமாகப் பல்லை வெளியே வைத்திருந்தது. கனடிய பல் பராமரிப்புத் திட்டம் 2023 டிசம்பரில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கி, 2024 மே மாதம் முதலில் முதியவர்களுக்குச் சிகிச்சை அளித்தது. தனியார் பல் காப்பீடு இல்லாத, குடும்ப வருமானம் 90,000 கனடிய டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது கிடைக்கும். 70,000க்குக் கீழே என்றால் திட்டத்தின் கட்டணத்தில் பங்கு எதுவும் கட்ட வேண்டாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வருமானமே இல்லாத பெற்றோரும் கணக்குத் தாக்கல் செய்தால்தான் இதைப் பெற முடியும் என்பதைப் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும்.

ஜெர்மனியின் வழி சிந்தனைக்குரியது. செயற்கைப் பல்லுக்கான அடிப்படைச் சிகிச்சைச் செலவில் 60 சதவீதத்தை அங்கே பொதுக் காப்பீடு தருகிறது. ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போனதற்கான பதிவுப் புத்தகத்தை ஐந்து ஆண்டு விடாமல் வைத்திருந்தால் 70 சதவீதம், பத்து ஆண்டு என்றால் 75 சதவீதம். வருமானம் குறைந்தவருக்கு அடிப்படைச் சிகிச்சை முழுவதும் ஈடுகட்டப்படும். தன் பல்லைக் காத்தவருக்கு அந்த முறை நேரடியாகப் பணப்பயன் தருகிறது.

ஜப்பான் இன்னும் தொலைவு பார்த்தது. 1961 முதல் எல்லோருக்கும் உள்ள பொதுக் காப்பீட்டிலேயே பல்செட் உட்பட அடிப்படைப் பல் சிகிச்சை அடங்கும். 1989இல் ‘80 வயதிலும் 20 பற்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். இருபது பல் இருந்தால் பெரும்பாலான உணவை மெல்லலாம் என்பது அதன் அடிப்படை. அப்போது எண்பது வயதில் பத்தில் ஒருவருக்குக்கூட இருபது பல் இல்லை. 2016 கணக்கெடுப்பில் அந்த விகிதம் 51.2 சதவீதம். ஒரு தலைமுறைக் காலத்தில் ஒரு நாடு தன் முதியவர்களின் வாயை மாற்றிக்காட்டியிருக்கிறது. பணக்கார நாடு என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று; பணக்கார அமெரிக்கா அதைச் செய்யவில்லை. இலக்கை எண்ணிக்கையில் வைத்து, அடிப்படைச் சிகிச்சையைக் காப்பீட்டுக்குள் வைத்து, நடு வயதிலேயே தொடங்கியதுதான் காரணம்.

வீட்டில் செய்யக்கூடியவை

அரசு மாறும்வரை வாய் காத்திருக்காது. ஐம்பத்தைந்து வயதில் இருப்பவர் இன்றே தொடங்கலாம். ஓய்வுக்கு இரண்டு, மூன்று ஆண்டு முன்பே முழுப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்து, எந்தப் பல்லைக் காக்க வேண்டும், எதை இனிக் காக்க முடியாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளமும் குழுக் காப்பீடும் இருக்கும்போதே பெரிய வேலைகளை முடிப்பது நல்லது. பணிக்கொடையும் வைப்பு நிதியும் கைக்கு வரும்போது மகள் திருமணம், வீட்டுக் கடன் என்று எல்லாவற்றுக்கும் பங்கு ஒதுக்குகிறோம். அதில் வாய்க்கென ஒரு சிறு தொகையைத் தனிச் சேமிப்பில் போடுவது அவசியம். தெரிந்து வரும் செலவுக்குச் சேமிப்பே பொருத்தமான வழி.

சிகிச்சைகளுக்கு ஒரு வரிசை வகுத்துக்கொள்ளலாம். முதலில் வலியும் சீழும் தீர வேண்டும். அடுத்து ஈறு சுத்தம், சொத்தை அடைப்பு. இவை செலவு குறைந்தவை, பின்னால் வரும் பெரிய செலவைத் தடுப்பவை. பிறகு மெல்லும் வசதி. அழகுக்கான வேலை கடைசியில். மெல்லும் வசதிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. கழற்றி மாட்டும் பல்செட் விலை குறைந்தது. இரண்டு இம்பிளான்ட்களை மட்டும் கீழ்த்தாடையில் வைத்து, அவற்றின் மேல் செட்டைப் பிடிக்கச் செய்வது நடு வழி. பல் இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். வாய் முழுவதும் நிலையான இம்பிளான்ட் பற்கள் லட்சக் கணக்கில் போகும். மருத்துவர் ஒரே வழியை மட்டும் சொன்னால் மற்ற வழிகளையும் விலையோடு கேட்க வேண்டும். இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்க வேண்டும். தவணைக் கடன் வாங்குமுன் வட்டி, சிகிச்சை பாதியில் நின்றால் பணம் என்ன ஆகும் என்ற இரண்டையும் எழுத்தில் பெற வேண்டும்.

வருமான வரியின் பழைய முறையில் கணக்குக் காட்டும் மூத்த குடிமக்கள், மருத்துவக் காப்பீடு இல்லாத நிலையில் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். பணமாகக் கொடுத்த செலவு கணக்கில் வராது. ஆகவே பல் கிளினிக்கிலும் ரசீது வாங்குங்கள், வங்கி வழியாகச் செலுத்துங்கள்.

எல்லாவற்றிலும் மலிவானது தினசரிப் பராமரிப்பு. ஃப்ளோரைடு பற்பசையால் இருவேளை துலக்குவது, இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் வைப்பது, பல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை வாயைக் காட்டுவது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல் சிகிச்சைக்கெனத் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. இரண்டு மருத்துவர்களையும் கலந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 10.4 சதவீதத்தினர் அறுபதைக் கடந்தவர்கள். அந்த விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. பெரும் பணம் இல்லாமலே தொடங்கக்கூடிய நான்கு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, வீடு தேடிப் போவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே மருந்தைக் கொண்டுசெல்கிறது. அந்தப் பணியாளர்களுக்கே வாயைப் பார்க்கவும், ஆறாத புண்ணையும் வெள்ளைப் படலத்தையும் அடையாளம் காணவும் பயிற்சி கொடுத்துப் பல் மருத்துவரிடம் அனுப்பச் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃப்ளோரைடு பற்பசை, சில்வர் டையமைன் ஃப்ளோரைடு, கிளாஸ் அயனோமர் ஆகியவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவற்றில் சில்வர் டையமைன் ஃப்ளோரைடு, பல்லைத் துளைக்காமலே சொத்தையை நிறுத்தும். சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும் என்பது அதன் குறை. படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே பல் மருத்துவர் தடவக்கூடிய மலிவான மருந்து அது.

இரண்டு, மாவட்டத்துக்கு ஒரு பல்செட் ஆய்வகம். அளவெடுப்பதையும் திருத்துவதையும் வட்ட மருத்துவமனையில் செய்து, செட் தயாரிப்பதை மாவட்டத் தலைநகரில் செய்தால் முதியவர் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வயோஸ்ரீ போன்ற திட்டத்தில் உள்ள உரிமையையும் இந்த ஏற்பாட்டோடு இணைக்கலாம்.

மூன்று, முதலமைச்சர் காப்பீட்டிலும் ஓய்வூதியர் காப்பீட்டிலும் புறநோயாளியாகச் செய்யும் சிறு பட்டியல் ஒன்றைச் சேர்ப்பது: ஆண்டுப் பரிசோதனை, ஈறு சுத்தம், சொத்தை அடைப்பு, சில ஆண்டுகளுக்கு ஒரு பல்செட். செலவுக்கு உச்சவரம்பு வைக்கலாம். ஜெர்மனியைப் போல ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வருபவருக்கு உதவியைக் கூட்டலாம்.

நான்கு, இலக்கு. ‘எண்பதில் இருபது’ நமக்கு இப்போது தொலைவாகத் தெரியலாம். எழுபது வயதில் எத்தனை பேரால் எல்லா உணவையும் மெல்ல முடிகிறது என்று எண்ணத் தொடங்கினாலே போதும், அந்த எண்ணிக்கையைக் கூட்டும் பொறுப்பு ஒரு துறைக்கு வந்துவிடும். எண்ணப்படாத தேவைக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

இந்தக் கேள்வியின் எல்லாப் பக்கத்தையும் பார்த்தபின் மிஞ்சுவது ஒரு தெளிவு. பல் செலவை விபத்துக் காப்பீட்டின் அளவுகோலால் அளந்த நாடுகளில் முதியவர்கள் பல்லை இழந்தார்கள். அதை உணவைப் போல, தடுப்பூசியைப் போல, எல்லோருக்கும் உரிய அன்றாடத் தேவையாக எடுத்துக்கொண்ட நாடுகளில் முதியவர்கள் மென்று சாப்பிடுகிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டு உழைத்த மனிதர் தனக்குப் பிடித்ததை மென்று சாப்பிடுவதும், வாயைப் பொத்தாமல் பேரனோடு சிரித்துப் பேசுவதும் ஆடம்பரம் ஆகாது. குடும்பங்கள் ஓய்வுக்காலத் திட்டத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கட்டும். ஓய்வூதியர் சங்கங்கள் அடுத்த காப்பீட்டுப் பேச்சுவார்த்தையில் பல் சிகிச்சையை முதல் கோரிக்கைகளில் ஒன்றாக வைக்கட்டும். அடிப்படைப் பல் சிகிச்சையை முதியவரின் உரிமையாக அறிவித்து, அதற்கு நிதி ஒதுக்குவது அரசின் பொறுப்பு.